பாக்டீரியா தன் நடுவை எப்படி அறிகிறது?

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மர அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, அவற்றின்மேல் அளவுகோலைப் படுக்கை வாட்டில் வையுங்கள். விரல்கள் இரு முனைகளுக்கும் அருகே இருக்கட்டும். நடுவிலிருந்து சமதூரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இப்போது கண்களை மூடிக்கொண்டு, விரல்களை மெல்ல ஒன்றையொன்று நோக்கி நகர்த்துங்கள்.

என்ன நிகழ்கிறது? முதலில் ஒரு விரல் சறுக்கும், மற்றது நிற்கும். பிறகு சறுக்கியது நிற்கும், நின்றது சறுக்கும். இப்படி மாறி மாறி நகர்ந்து, கடைசியில் இரண்டு விரல்களும் 15 சென்டிமீட்டர் கோட்டருகே வந்து சேர்ந்துவிடும். எங்கிருந்து தொடங்கினாலும் முடிவு ஒன்றே. நடுவுக்கு அருகிலுள்ள விரலின்மேல் பாரம் அதிகம். ஆகவே உராய்வும் அதிகம். அது நின்றுவிட, மற்ற விரல் சறுக்குகிறது. நீங்கள் எதையும் அளக்கவில்லை. கண்ணால் பார்க்கவும் இல்லை. ஆனாலும் நடு கிடைத்துவிட்டது!

அளக்காமலே நடுவைக் காண முடியும் என்ற இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணோ, மூளையோ, அளவுகோலோ இல்லாத ஓர் உயிர், ஒவ்வொரு முறை இனம் பெருக்கும்போதும் தன் உடலின் சரியான நடுவைக் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் இன்று நாம் காணப்போகும் கதை.

இருபது நிமிடத்தில் இரண்டு

அந்த உயிரின் பெயர் எஷரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை. ஜெர்மானிய மருத்துவரான தியோடர் எஷரிக் 1885ஆம் ஆண்டில் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். நம் பெருங்குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியா இது. மாத்திரைக் குளிகையைப் போன்ற உருவம். நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே உங்கள் அளவுகோலின் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 5000 ஈ. கோலை செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம்.

நல்ல உணவும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலை இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். உணவும் இடமும் குறையாமல் இருந்தால் பத்து மணி நேரத்தில் முப்பது தலைமுறைகள்! இரண்டை முப்பது முறை பெருக்கிப் பாருங்கள். ஒரு செல்லின் வாரிசுகள் 107 கோடியைத் தாண்டிவிடும்.

பிரியும் முறை எளிதாகத் தோன்றும். செல் முதலில் இருமடங்கு நீளமாக வளருகிறது. அதனுள்ளே இருக்கும் டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டு, இரண்டு பிரதிகளும் ஆளுக்கொரு பாதிக்கு நகர்கின்றன. பிறகு நடுவில் ஓர் இடுக்கு விழுந்து, இரண்டு சேய்செல்கள் பிரிகின்றன. இதில் என்ன கடினம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இடுக்கு தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் கடினம் புரியும்.

தவறிய செல்கள் சொன்ன பாடம்

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஹோவர்டு அட்லர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விசித்திரமான ஈ. கோலை வகையை விவரித்தார்கள். அந்த வகையில் சில செல்கள் நடுவில் பிரியாமல், முனைக்கு அருகில் பிரிந்தன. அதனால் சின்னஞ்சிறு உருண்டைகள் உதிர்ந்தன. அந்தக் குட்டிச்செல்களுக்குள் புரதம் இருந்தது. உணவைச் சிதைத்து ஆற்றல் பெறவும் முடிந்தது. ஆனால் குரோமோசோம் இல்லை! சமையல் குறிப்பே இல்லாத சமையலறை போல அவை கொஞ்ச காலம் இயங்கின. ஆனால் வளர்ந்து பெருக முடியவில்லை. இடம் தவறிய பிரிவு என்றால் வாரிசு இல்லாத முடிவுதான்.

அடுத்த ஆண்டிலேயே இதற்கு நேர்மாறான செய்தி பாரிஸிலிருந்து வந்தது. யுகினோரி ஹிரோட்டா என்ற ஜப்பானிய அறிஞரும், நோபல் பரிசு பெற்ற பிரான்சுவா ஜாக்கோபும், அவர்களுடைய கூட்டாளிகளும் வேறு வகைச் செல்களை ஆராய்ந்திருந்தார்கள். இவை 30 டிகிரியில் ஒழுங்காகப் பிரிந்தன. வெப்பத்தை 42 டிகிரியை ஒட்டி உயர்த்தினாலோ, வளர்ந்துகொண்டே போயின, ஆனால் பிரியவில்லை! தறியில் ஓடும் நூலைப் போல நீண்ட இழைகள் ஆயின.

வெப்பம் எப்படி இதைச் செய்யும்? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்த ஒன்று. வடிவம் கெட்டால் வேலையும் கெடும். மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால் சற்றே பலவீனமான ஒரு புரதம், 30 டிகிரியில் தாக்குப் பிடிக்கும். 42 டிகிரியில் குலைந்துவிடும். ஆகவே இந்த இழைச்செல்கள் ஓர் உண்மையைத் தெரிவித்தன: பிரிவை நடத்துவதற்கென்றே தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டாலும் பிரிவு நின்றுவிடும்.

செல்லின் இடுப்பில் ஒரு வளையம்

இப்படிப்பட்ட புரதங்களுக்கு எஃப்டிஎஸ் என்ற பொதுப்பெயர் வைத்தார்கள். "வெப்பத்தால் இழையாவது" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் இவை. ஒவ்வொரு புரதத்தையும் பிரித்தறியக் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். அவற்றுள் தலைமையானது எஃப்டிஎஸ்-இசட்.

1991ஆம் ஆண்டில் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹாஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். அதனுடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, தங்கத் துகள்களால் அதற்கு அடையாளமிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தங்கத் துகள்கள் செல்லின் நடுப்பகுதியில், சவ்வின் உட்புறத்தை ஒட்டி வளையமாகக் கூடியிருந்தன. அரைஞாண் கயிறு இடுப்பைச் சுற்றியிருப்பது போல அல்லவா? ஆனால் இந்தக் கயிறு உட்புறத்தில் இருக்கிறது. இடுக்கு விழுந்து செல் ஒடுங்க ஒடுங்க, வளையமும் சுருங்கிக்கொண்டே வந்தது.

இந்த வளையத்தின் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து நார்களாகின்றன. அவை ஒரே இடத்தில் அசையாமல் கிடப்பதில்லை. ஒரு முனையில் புதிய துணுக்குகள் சேர, மறு முனையில் பழைய துணுக்குகள் கழன்று விழ, நார் முழுவதும் செல்லின் சுற்றளவில் ஊர்வது போலத் தோன்றுகிறது. 2017இல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. வளையம் ஊர்ந்து செல்லும் வழியில் மற்றப் பிரிவுப் புரதங்களும் கூடுகின்றன. பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் கூடிய தொழிற்கூடம் அது. எஃப்டிஎஸ்-ஏ என்பது வளையத்தைச் சவ்வோடு பிணைக்கிறது. எஃப்டிஎஸ்-டபிள்யூ, எஃப்டிஎஸ்-ஐ ஆகிய இரண்டும் கொத்தனார்களைப் போலப் புதிய செல்சுவரை எழுப்புகின்றன. இரு சேய்செல்களுக்கும் இடையே சுவர் எழுந்து முடிந்ததும் பிரிவு நிறைவடைகிறது.

எல்லாம் சரி. ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. வளையம் நடுவில்தான் அமைய வேண்டும் என்று எஃப்டிஎஸ்-இசட்டுக்கு யார் சொன்னார்கள்?

முனைகளைக் காக்கும் மூவர்

விடை அந்தப் பழைய குட்டிச்செல்களிடமே இருந்தது. அவற்றில் கெட்டுப் போயிருந்த மரபணுக்களைத் தேடியபோது மூன்று புரதங்கள் தெரிய வந்தன. 1989ஆம் ஆண்டில் பீட் டி போயர், ராபின் கிராஸ்லி, லாரன்ஸ் ராத்ஃபீல்டு ஆகியோர் இவற்றின் வேலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். மின்-சி, மின்-டி, மின்-ஈ என்பவை அவற்றின் பெயர்கள். இங்கே "மின்" என்றதும் மின்சாரத்தை நினைத்துவிடாதீர்கள்! குட்டி என்று பொருள்படும் "மினி" என்ற சொல்லின் சுருக்கம் அது.

மூவரின் வேலைகளையும் காண்போம். மின்-சி ஒரு தடைப் புரதம். எஃப்டிஎஸ்-இசட் நார்களைக் கலைப்பது அதன் தொழில். ஆனால் தானாகச் சவ்வின்மேல் உட்காரும் ஆற்றல் அதற்குப் போதாது. அதைச் சுமந்து சென்று சவ்வின்மேல் அமர்த்துவது மின்-டி. அந்த மின்-டியைச் சவ்விலிருந்து கிளப்பி விரட்டுவது மின்-ஈ.

இதற்கு மேல் படிக்குமுன் சற்று யோசியுங்கள். மின்-ஈ இல்லாத செல் என்ன ஆகும்? மூன்றுமே இல்லாத செல் என்ன ஆகும்?

மின்-ஈ இல்லையென்றால் மின்-டியை விரட்ட ஆள் இல்லை. அது மின்-சியோடு செல் முழுவதும் பரவி அமர்ந்துவிடும். எங்குமே வளையம் அமையாது. செல் இழையாக நீளும். மூன்றுமே இல்லையென்றால் தடையே இல்லை. வளையம் நடுவிலும் அமையலாம், முனையிலும் அமையலாம். குட்டிச்செல்கள் உதிரும். இரண்டும் சோதனையில் கண்ட உண்மைகள். உங்கள் விடை சரியாக இருந்ததா?

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. இந்தப் புரதங்கள் நடுவைத் தேடிப் போவதில்லை. முனைகளில் வளையம் அமையாமல் தடுக்கின்றன. இரு முனைகளையும் தடுத்துவிட்டால் மிஞ்சுவது நடுதானே!

ஒளிரும் புரதம் காட்டிய காட்சி

அப்படியானால் தடைப் புரதம் இரண்டு முனைகளிலும் நிலையாகக் குடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? உண்மை அதைவிட வியப்பானது.

பசிபிக் கடலில் வாழும் ஒருவகை ஜெல்லி மீனின் உடலில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணுவை வேறொரு புரதத்தின் மரபணுவோடு இணைத்துவிட்டால், அந்தப் புரதம் விளக்கேந்திச் செல்லும் ஆளைப் போல ஆகிவிடும், போகுமிடமெல்லாம் தெரியும். இந்த ஒளிர் புரதத்தைக் கண்டறிந்து பயன்படுத்தியதற்காக 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டேவிட் ராஸ்கினும் பீட் டி போயரும் மின்-டி புரதத்திற்கு இந்த விளக்கைப் பொருத்தி, உயிருள்ள செல்லை நுண்ணோக்கியில் கவனித்தார்கள். செல்லின் ஒரு பாதி பச்சையாக ஒளிர்ந்தது. மறு பாதி இருண்டிருந்தது. சில நொடிகளில் ஒளிர்ந்த பாதி மங்கியது. இருண்ட பாதி ஒளிரத் தொடங்கியது. பிறகு மீண்டும் இந்தப் பக்கம்! ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்று முடிந்தது. மின்-சியும் அதனோடு சேர்ந்து இப்படியே அலைகிறது என்பதை அதே ஆண்டில் லுட்கென்ஹாஸின் ஆய்வுக்கூடம் காட்டியது.

இந்த அலைச்சல் எப்படி நடுவைக் காட்டும்? ஓர் உவமை சொல்கிறேன். நீண்ட திடல் ஒன்று. அதில் கண்ட இடத்திலெல்லாம் சிலர் சுவர் எழுப்பப் பார்க்கிறார்கள். காவலாளி ஒருவர் இருக்கிறார். திடலின் ஒரு கோடிக்குப் போய், அங்கே அடுக்கிய செங்கற்களைத் தட்டிவிட்டு, சற்று நின்று காவல் காக்கிறார். பிறகு மறுகோடிக்கு ஓடி அங்கும் அவ்வாறே செய்கிறார். நடுப்பகுதியை வெறுமனே கடந்துதான் போகிறார். அவர் நாள் முழுவதும் இப்படி ஓடிக்கொண்டிருந்தால் சுவர் எங்கே எழும்பும்? நடுவில்தான்! கோடிகளில் நாலு செங்கல் வைப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிடுவார்.

செல்லிலும் இதுவே நடக்கிறது. வளையம் உருவாகச் சில நிமிடங்கள் வேண்டும். தடைப் புரதமோ ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. நேரத்தைச் சராசரி எடுத்துப் பார்த்தால் தடை மிகக் குறைவாக உள்ள இடம் செல்லின் நடு. வளையம் அங்கே அமைகிறது. செல் நீளமாக வளர்ந்தாலும் நடு தவறுவதில்லை.

ஓட வைப்பது எது?

புரதத்துக்குக் கால் கிடையாது. ஓட வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. பின் எப்படி இங்குமங்கும் போகிறது? இங்கேதான் வேதியியல் நுழைகிறது.

செல்லின் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. என்பதை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏ.டி.பி.யோடு சேர்ந்த மின்-டி இரண்டிரண்டாக இணைந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அங்கே மின்-ஈ வந்து தொட்டால், மின்-டி தன் ஏ.டி.பி.யைச் சிதைத்துவிடும். உடனே பிடி தளர்ந்து, சவ்விலிருந்து கழன்று செல்லின் உட்திரவத்தில் மிதக்கும். மறுபடி ஒட்ட வேண்டுமானால் புதிய ஏ.டி.பி. கிடைக்க வேண்டும். அதற்குச் சற்று நேரமாகும். அந்த இடைவேளையில் அது திரவத்தில் பரவி, தொலைவில் போய்விடும். எங்கே மீண்டும் ஒட்டும்? விரட்டும் மின்-ஈ குறைவாக இருக்கும் இடத்தில், அதாவது மறுமுனையில். அங்கே மின்-டி பெருகியதும் மின்-ஈயும் அதைத் தேடி வந்து சேரும். மீண்டும் விரட்டல், மீண்டும் இடமாற்றம். பூனையும் எலியும் போல இந்த ஓட்டம் முடிவதே இல்லை.

அளவுகோலின்கீழ் உங்கள் விரல்கள் மாறி மாறி நின்றதையும் சறுக்கியதையும் எண்ணிப் பாருங்கள். அங்கே உராய்வு, இங்கே வேதிவினை. காரணங்கள் வேறு. ஆனால் இரண்டிலும் யாரும் அளக்கவில்லை. மாறி மாறி நிகழும் எளிய செயலே நடுவைக் கண்டுபிடிக்கிறது.

வேதிவினையும் பரவலும் சேர்ந்தால் ஒழுங்கற்றதிலிருந்து ஒழுங்கு பிறக்கக்கூடும் என்று ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1952ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 2008ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் அதற்கு அழகான ஒரு சான்று தந்தார்கள். கண்ணாடியின்மேல் சவ்வுக் கொழுப்பைப் பரப்பி, அதில் மின்-டி, மின்-ஈ, ஏ.டி.பி. ஆகியவற்றை மட்டும் சேர்த்தார்கள். செல்லே இல்லை, உயிரும் இல்லை. ஆயினும் புரதங்கள் அலை அலையாகக் கிளம்பி நகர்ந்தன!

இரண்டாவது காவல்

நடு தெரிந்தால் மட்டும் போதுமா? டி.என்.ஏ. இன்னும் நடுவிலேயே கிடந்தால், இடுக்கு அதன்மேல் விழுந்துவிடுமே! ஈ. கோலையின் டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். செல்லின் நீளத்தைப் போல எழுநூறு மடங்குக்கும் மேல். அவ்வளவும் மடிந்து உள்ளே கிடக்கிறது. இதற்கும் ஒரு காவல் உண்டு. எஸ்எல்எம்-ஏ என்ற புரதம் டி.என்.ஏ.வின்மேல் அமர்ந்துகொண்டு, அருகில் வளையம் உருவாகாமல் தடுக்கிறது. 2005இல் இது கண்டறியப்பட்டது. இரண்டு பிரதிகளும் விலகி, நடுவில் வெற்றிடம் ஏற்பட்ட பிறகே வளையத்துக்கு வழி திறக்கிறது.

புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. சிதைந்தால் மூன்றாவது காவலும் எழுகிறது. சுல்-ஏ என்ற புரதம் அவசரமாக உற்பத்தியாகி, எஃப்டிஎஸ்-இசட்டைப் பிடித்துக்கொண்டு பிரிவை நிறுத்திவிடும். பழுது பார்த்து முடிந்ததும் செல் சுல்-ஏயை அழித்துவிட்டுப் பிரிவைத் தொடரும். கிழிந்த பிரதியைச் சேய்க்குக் கொடுப்பதைவிடச் சற்றுத் தாமதிப்பது மேல் அல்லவா?

நமக்கு என்ன பயன்?

மருத்துவர் எழுதித் தரும் செபலெக்சின் மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பென்சிலினின் உறவு. நாம் மேலே கொத்தனார் என்று சொன்ன எஃப்டிஎஸ்-ஐ புரதத்தின் கையைத்தான் அது கட்டிப்போடுகிறது. குறுக்குச் சுவர் எழுப்ப முடியாமல் ஈ. கோலை இழையாக நீண்டு, கடைசியில் மடிகிறது. ஆனால் பல பாக்டீரியாக்கள் இத்தகைய மருந்துகளைச் சிதைக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே புதிய இலக்குகள் வேண்டும். நம் செல்களில் எஃப்டிஎஸ்-இசட் கிடையாது; பெரும்பாலான பாக்டீரியாக்களில் உண்டு. அதை மட்டும் தாக்கும் பொருள் கிடைத்தால், நோயை விரட்டும், நம்மை வருத்தாது. அத்தகைய பொருள்களைத் தேடும் முயற்சி ஆய்வுக்கூடங்களில் நடைபெற்று வருகிறது.

எல்லாப் பாக்டீரியாக்களும் ஒரே வழியைப் பின்பற்றுவதில்லை. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸில் மின்-ஈ இல்லை. அங்கே தடைப் புரதங்கள் ஈ. கோலையில் போல அலைவதில்லை. டிவ்-4-ஏ என்ற வேறொரு புரதம் அவற்றை முனைகளிலேயே பிடித்து வைக்கிறது. வழி வேறு, நோக்கம் ஒன்றே.

கடைசியாக ஒன்று. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பச்சை இலையைப் பறித்துப் பாருங்கள். அதன் செல்களிலுள்ள பசுங்கணிகங்கள், தொல்பழங்காலத்தில் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். அவை இன்றும் தாமே இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. எதைக்கொண்டு தெரியுமா? எஃப்டிஎஸ்-இசட் வளையத்தைக்கொண்டு! வளையத்தை நடுவில் நிறுத்த மின்-டியும் மின்-ஈயும் அங்கேயும் வேலை செய்கின்றன.

நடுவைக் காண நமக்கு அளவுகோல் வேண்டும். பாக்டீரியாவுக்கு ஓயாமல் அலையும் சில புரதங்களே போதும்.